நொண்டுகிற மாடு யார் கண்ணுக்குத் தெரிகிறது?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறைப் பக்கம், நிபோங் திபாலிலோ சுங்கை பக்காப்பிலோ ஏதாவது ஒரு மாட்டுக் கொட்டகையில் போய் "எத்தனை மாடு நொண்டுது?" என்று கேட்டுப் பாருங்கள். "நொண்டலா? அப்படி ஒண்ணும் இல்லையே" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதே மாடுகளை அவிழ்த்துச் சிமெண்டுத் தரையில் பத்துப் பதினைந்து அடி நடக்கவிட்டால், இரண்டு மூன்றாவது முதுகை வில் மாதிரி வளைத்துக்கொண்டு போகும். சுட்டிக் காட்டினால், "அது எப்பவுமே அப்படித்தான் நடக்கும், தம்பி" என்பார் பெரியவர். அவர் மறைக்கவில்லை. அந்த மாடு அப்படி நடந்து நடந்து, அந்த நடையே அவர் கண்ணுக்கு அதன் இயல்பாகிவிட்டது.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. 2003-இல் இங்கிலாந்தில் 53 பால்பண்ணைகளில் ஆய்வாளர்கள் போய் எண்ணியபோது, நூறு மாட்டுக்குச் சுமார் 22 நொண்டின. பண்ணைக்காரர்கள் சொன்ன கணக்கு சுமார் 6. தினம் இரண்டு வேளை பால் கறக்கிறவர் கண்ணில் படாதது, ஒரு நாள் வந்துபோனவர் கண்ணில் பட்டது. இதை வைத்து "பழக்கம் கண்ணைக் கெடுக்கும்" என்று தீர்ப்பு எழுதுவதும் அவசரம். ஒரு பசு தொட்டிக்குக் கடைசியாக வருகிறது, பால் அரை லிட்டர் குறைந்திருக்கிறது, அசை போடுவது நேற்றைவிடக் கம்மி. இதையெல்லாம் முதலில் கவனிக்கிறவரும் அதே பெரியவர்தான். வெளியாளுக்கு அது எதுவுமே தெரியாது.

அனுபவம் என்று ஒரே சொல்லில் சொல்வதால் வருகிற குழப்பம் இது. நொண்டலோ வேறெந்த அடையாளமோ, அதைப் பார்த்து விலங்கின் வலியை மதிப்பிடும்போது குறைந்தது மூன்று தனித்தனி அனுபவங்கள் வேலை செய்கின்றன. மாட்டினம், ஆட்டினம் பொதுவாக எப்படி நிற்கும், படுக்கும், தின்னும் என்று தெரிந்திருப்பது ஒன்று. இந்த ஒரு மாடு, இந்த ஒரு கிடாய் நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்திருப்பது இன்னொன்று. வலிக்கு மதிப்பெண் போடுகிற தாளை எப்படிப் படிப்பது, 1-க்கும் 2-க்கும் கோடு எங்கே விழுகிறது என்ற பயிற்சி மூன்றாவது. முப்பது வருஷம் மாடு வளர்த்தவரிடம் முதல் இரண்டும் நிறைய உண்டு, மூன்றாவது சுத்தமாக இருக்காது. படிப்பு முடித்து வந்த இளம் கால்நடை மருத்துவரிடம் மூன்றாவது இருக்கும், இரண்டாவது இருக்க வழியே இல்லை. "அனுபவசாலி போட்ட மதிப்பெண்" என்று யாராவது சொன்னால், எதில் அனுபவம் என்று முதலில் கேட்க வேண்டும்.

புதிய கண் எங்கே ஏமாறும் என்பதற்குக் காயடித்தலைப் போல நல்ல உதாரணம் வேறு இல்லை. ஆட்டுக்குட்டியின் விதைப்பையில் ரப்பர் வளையம் போட்டால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அது படுக்கும், எழும், காலை உதைக்கும், உருளும், திரும்பித் திரும்பிப் பின்பக்கம் பார்க்கும். கத்தி வைத்துத் திறந்து செய்தால் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. குட்டி கால்களை அகட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்கும். நடக்காது, படுக்காது, கத்தாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பழகாதவர் உருளுகிற குட்டிக்கு உச்ச மதிப்பெண் கொடுத்துவிட்டு, நிற்கிற குட்டியை "அமைதியாக இருக்கிறது" என்று எழுதுவார். அசைந்தால் காயம் இழுக்கும் என்பதால்தான் அது அசையாமல் நிற்கிறது. இரையாகிற விலங்குக்கு வலியை வெளியே காட்டிக்கொள்வது ஆபத்து. ஆடு மாடு இரண்டும் அந்த வர்க்கம்தான். இது தெரிந்தவருக்குச் சிலைநிலையே பெரிய எச்சரிக்கை.

"தின்னுதுல்ல, அப்ப வலி இல்ல" என்ற பேச்சும் இதே வகை, ஆனால் இது புதியவரிடம் மட்டும் இல்லை, பழகியவரிடமும் ஊறிப்போனது. குளம்பில் புண் உள்ள பசு செம்பனைப் புண்ணாக்கு கொட்டினால் வந்து தின்னத்தான் செய்யும். பசி பெரிது. எவ்வளவு சீக்கிரம் வந்தது, நின்று தின்னும்போது எந்தக் காலை மாற்றி மாற்றி வைத்தது, தின்று முடித்தபின் அசை போட்டதா, இவற்றைப் பார்க்காமல் தொட்டி காலியானதை மட்டும் பார்ப்பதில் பயன் இல்லை.

இப்போது புழக்கத்தில் இருக்கிற அளவுகோல்களுக்கு வருவோம். நடைக்கு அதிகம் பயன்படுவது 1997-இல் வந்த 1 முதல் 5 வரையான முறை. அது முதுகைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு நேராக இருந்தால் 1. நிற்கும்போது நேர், நடக்கும்போது வளைந்தால் 2. இரண்டிலும் வளைவு என்றால் 3. அதோடு ஒரு காலையோ பல கால்களையோ காப்பாற்றி எட்டு வைத்தால் 4. காலை ஊன்றவே மறுத்தால் 5. பண்ணைக்காரர் கண்ணில் படுவது பெரும்பாலும் 4-உம் 5-உம்தான். 2, 3 இரண்டும் அவர் அகராதியில் "நல்ல மாடு". இங்கிலாந்துக் கணக்கில் 22-க்கும் 6-க்கும் நடுவே விழுந்த இடைவெளியில் பெரும்பகுதி இந்த 2, 3 ஆசாமிகள்தான் என்பது எங்கள் கணிப்பு. குளம்பைச் சீவிக் குணப்படுத்த எளிதான கட்டமும் இதுதான் என்பது எரிச்சலான விஷயம்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு சிக்கல். பல கொட்டகைகளில் மாடு நாள் முழுக்கக் கட்டுத்தறியில் நிற்கும், நடக்கவிட இடமே கிடையாது. ஆடுகளோ தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பலகைப் பரணில். பலகை இடுக்கில் எல்லா ஆடும் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கும், அங்கே நொண்டலை மதிப்பிட முடியாது. கீழே இறக்கி, கெட்டியான தரையில் குறைந்தது நாலைந்து எட்டு நடக்கவிட வேண்டும். கட்டுத்தறி மாட்டை அவிழ்க்கவே முடியாது என்றால், அது நின்றுகொண்டே காட்டுகிற நாலு விஷயங்களைப் பாருங்கள். ஒரு காலை மட்டும் தளர்த்தி ஓய்வு கொடுக்கிறதா, பின்னங்கால்களில் எடையை மாற்றிக்கொண்டே இருக்கிறதா, குளம்பை மேடையின் விளிம்பில் வைத்து நிற்கிறதா, இடுப்பைத் தட்டி ஒரு பக்கம் நகர்த்தினால் ஒரு காலில் மட்டும் எடை விழாமல் தாண்டுகிறதா. இவற்றில் இரண்டு இருந்தாலே அந்தக் காலைத் தூக்கிப் பார்க்கலாம்.

முகத்தைப் பார்க்கிற அளவுகோல்கள் பின்னால் வந்தவை. 2010-இல் எலிக்கு முதலில் வந்தது, பிறகு குதிரை, ஆடு, மாடு, பன்றி என்று வரிசையாக. டென்மார்க்கில் 2015-இல் வந்த மாட்டு அளவுகோலில் சுற்றுப்புறக் கவனம், தலையின் நிலை, காதின் நிலை, முகபாவம், ஆள் நெருங்கினால் காட்டும் எதிர்வினை, முதுகின் நிலை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். கேம்பிரிட்ஜில் 2016-இல் செம்மறியாட்டுக்கு வந்ததில் கண் இடுங்குதல், தாடைத் தசை இறுக்கம், காது, உதடும் தாடையும் சேரும் கோடு, மூக்குத் துளை என்று ஐந்து இடம், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. குளம்பழுகலும் மடிநோயும் உள்ள ஆடுகளை வைத்துச் சோதித்தது அது.

இந்தத் தாள்களை அப்படியே அச்சடித்து நம் கொட்டகையில் ஒட்டினால் முதலில் சொதப்புவது காது. ஐரோப்பிய மாட்டுக்கும் செம்மறிக்கும் காது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். அது தாழ்ந்தால், பின்னால் சுழன்றால் எளிதில் தெரியும். ஜமுனாபாரி ஆட்டின் காதோ பிறந்த நாளிலிருந்தே தாடைக்குக் கீழே தொங்குவது. சாகிவால் கலப்பிலும் நாட்டு இந்தியப் பால்மாட்டிலும் காது நீளமாய்க் கீழ்நோக்கிச் சாய்ந்தே இருக்கும். தாளில் உள்ள படத்தை மட்டும் நம்புகிறவர் நல்ல ஆரோக்கியமான ஜமுனாபாரிக்கும் காதுக்கு 2 போடுவார். இனம் தெரிந்தவர் காதின் நுனியைப் பார்க்க மாட்டார், காது தலையில் சேரும் அடிப்பகுதியைப் பார்ப்பார். அது முன்னால் திரும்பியிருக்கிறதா, பின்னால் இறுகியிருக்கிறதா, சத்தம் கேட்டால் திரும்புகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜமுனாபாரியின் வளைந்த மூக்கும் ஒரு தொல்லை. மூக்கு ஓரத்து இறுக்கத்தை அந்த முகவெட்டில் பிரித்துப் பார்ப்பது கடினம், அந்தக் கட்டத்தை விட்டுவிடுவதே நல்லது. கறுப்பு முகத்தில் கண் ஓரச் சுருக்கம் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும், போனில் வெளிச்ச அளவை ஏற்றிப் படம் எடுக்க வேண்டும்.

இங்கே பிரேசில்காரர்கள் செய்தது நமக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது. பொத்துக்காத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வந்த மாட்டு அளவுகோலை உருவாக்கியது நெலோர் காளைகளை வைத்து. நம்ம நெல்லூர்தான், ஆந்திரக் கடலோரத்து ஓங்கோல் மாடு கப்பலேறிப் போய் அங்கே அந்தப் பெயரில் பெருகியது. திமில் உள்ள மாட்டில் சோதித்த அளவுகோல் என்பதால், நம் கொட்டகைக்கு அது டென்மார்க்குத் தாளைவிடப் பொருந்தும். நடை, மற்ற மாடுகளோடு பழகும் விதம், சுறுசுறுப்பு, தீனி, இதர நடத்தைகள் என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றும் 0 முதல் 2, மொத்தம் 10. 4-ஐத் தாண்டினால் வலிநிவாரணி தேவை என்று கோடு போட்டிருக்கிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது. இது காயடிப்பு அறுவைக்குப் பிந்திய வலிக்காக வந்த தாள். மாதக்கணக்கில் இழுக்கிற குளம்பு வலிக்கு இதைப் போட்டுவிட்டு "3 தான் வந்தது, பரவாயில்லை" என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது வெயில். பினாங்கில் பகல் 32 டிகிரி, ஈரப்பதம் 80% என்று வைத்து வெப்ப ஈரக் குறியீட்டைக் கணக்கிட்டால் 86 வருகிறது. பால்மாட்டுக்கு 72-ஐத் தாண்டினாலே அழுத்தம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். விடியற்காலை 25 டிகிரி, ஈரப்பதம் 90% என்றாலும் குறியீடு 76. ஆக நம் மாடு ஒருநாளும் அந்தக் கோட்டுக்குக் கீழே வருவதே இல்லை என்று சொல்லலாம். வெயிலில் மாடு தலையைத் தாழ்த்தும், காதைத் தொங்கவிடும், சுற்றுப்புறத்தைக் கவனிக்காது, தீனியைக் குறைக்கும். வலித் தாளில் பாதிக் கட்டம் இதிலேயே நிறைந்துவிடும். ஈக்கடியும் சேர்ந்தால் வாலைச் சுழற்றுவதும் காலை உதறுவதும் கூடிவிடும். குளிர்நாட்டுத் தாளை மனப்பாடம் செய்து வந்தவர் மதியம் இரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தால், மொத்த மந்தையும் வலியில் துடிப்பதாக எழுதிவிட்டுப் போவார். பழகிய பண்ணைக்காரரோ எதிர்ப்பக்கம் தவறுவார். உண்மையாகவே வலியில் நிற்கிற ஒரு மாட்டையும் "வெக்கைதான் சார்" என்று சேர்த்து ஒதுக்கிவிடுவார்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. எந்த மாட்டுக்கு மதிப்பெண் போடுகிறோமோ, அதே நிழலில் அதே நேரம் நிற்கிற இன்னும் இரண்டு மாட்டுக்கும் அதே தாளில் போடுங்கள். மூன்றுக்கும் காது தொங்கினால் வெயில். மூன்றும் காலை உதறினால் ஈ. ஒன்று மட்டும் தனியாக ஏறி நின்றால் அதைப் பார்க்க வேண்டும். விலா அசைவை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கி மூச்சையும் எழுதி வையுங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டியிருந்தால் அந்தச் சுற்று மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் காலைக் கறவை முடிந்து ஏழு மணிவாக்கில் திரும்பப் பார்ப்பது நல்லது.

வெயில் மாட்டை மட்டும் மாற்றுவதில்லை, பார்க்கிறவர் மனசையும் மாற்றும். பெல்ஜியத்தில் 2014-இல் வெளியான ஒரு சோதனை இதில் பிரபலம். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு ஒரே வீடியோவை இரண்டு தரம் போட்டுக் காட்டினார்கள், ஒவ்வொரு தரமும் வேறு வேறு விவரம் சொல்லி. மாடுகள் நிற்கிற இடத்தில் வெப்பம் 5 டிகிரி கூடுதல் என்று சொன்னபோது, அதே மாடுகள் அதிகம் இரைப்பதாக அதே மாணவர்கள் எழுதினார்கள். பன்றிகள் நல்ல குணத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை என்றதும் அவற்றின் நடத்தை நல்லதாகத் தெரிந்தது. இயற்கை முறைப் பண்ணைக் கோழி என்றதும் கோழிக்கும் அதே கதை. அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை, தெரிந்ததைக் கண் பார்த்துவிட்டது. அனுபவம் கூடக்கூட இந்த எதிர்பார்ப்பும் கூடலாம் என்பதுதான் இதில் விபரீதம். கொம்பு வளராமல் அதன் முளையைச் சூட்டால் கருக்கிய கன்று எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்தவர், கருக்கின கன்று என்று தெரிந்தவுடனே அதைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அதனால்தான் எந்தக் கன்றுக்கு என்ன செய்தார்கள் என்று தெரியாதவர் மதிப்பெண் போட வேண்டும் என்பது விதி. பண்ணையில் இதைக் காப்பாற்றுவது பாடு. காயத்தில் அடித்த ஊதா ஸ்ப்ரே தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். முகப் படமாக இருந்தால் காதுக்கும் மூக்குக்கும் வெளியே இருப்பதை வெட்டிவிடலாம். கொம்பிடத்துப் புண் படத்துக்குள் வந்துவிடுமே என்றால், காயம் இல்லாத கன்றுக்கும் அதே இடத்தில் அதே ஸ்ப்ரேயை அடித்துவிடுவதுதான் வழி, செலவு சில சென்தான். வீடியோக் கோப்புகளுக்கு மாட்டின் பெயரோ தேதியோ வைக்காமல் 417, 082 என்று கலைத்துப்போட்ட எண்களை வையுங்கள். எது எது என்ற பட்டியல் மதிப்பெண் போடாத ஒருவர் கையில் இருக்கட்டும்.

பார்க்கிற ஆளே விலங்கின் நடத்தையை மாற்றுகிறார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். புதியவர் உள்ளே வந்தால் மாடு தலையைத் தூக்கும், காது முன்னால் வரும், கண் விரியும். வலி முகம் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். தீனி போடுகிறவர் வந்தாலும் நிலைமை கெடும், வாளிச் சத்தத்துக்கு எல்லாமே எழுந்து வரும். போனைத் தூணில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டி, மாட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, பத்து நிமிடம் ஓடவிட்டு ஆள் வெளியே போய்விட வேண்டும். முதல் மூன்று நிமிடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முகத்துக்கு வீடியோவிலிருந்து படம் எடுப்பதானால் வெவ்வேறு நேரத்தில் மூன்று எடுங்கள். அசை போடுகிற, கத்துகிற, தூங்கி வழிகிற கணங்களைத் தள்ளுங்கள். கண் இமைத்த கணத்தில் நின்ற படம் "கண் இடுங்குதல் 2" ஆகிவிடும், அசை போடும் தாடை "இறுக்கம் 2" ஆகிவிடும். ஒற்றைப் படத்தை வைத்து முடிவு செய்கிறவர்கள் அடிக்கடி விழுகிற குழி இது.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடுமா? ஓரளவு. குதிரையின் முக அளவுகோலில் ஒரு சோதனை நடந்தது. குதிரையோடு பழக்கமே இல்லாத 206 மாணவர்கள், 10 படம், நேரில் 30 நிமிட வகுப்பு. வகுப்புக்குப் பிறகு பின்னால் இறுகின காதிலும் இடுங்கிய கண்ணிலும் அவர்கள் நிபுணரோடு நன்றாகவே ஒத்துப்போனார்கள். மற்ற முகக் குறிகளுக்கு அந்த அரை மணி நேரம் போதவில்லை. நம் பண்ணைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது தெளிவு. புதியவரிடம் காதையும் கண்ணையும் கொடுங்கள். தாடையும் மூக்கும் உதடும் பல வாரம் பார்த்துத் தேறியபின் கொடுக்கலாம்.

நாங்கள் பரிந்துரைக்கிற முறை இது. 30 துண்டு வீடியோ சேருங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். மூன்றில் ஒரு பங்கு வலியே இல்லாத விலங்குகள், ஒரு பங்கு லேசானவை, ஒரு பங்கு கடுமையானவை. எல்லாம் கடுமையானதாக இருந்தால் யாரும் தேறிவிடுவார்கள். சிக்கல் எப்போதும் 0-க்கும் 1-க்கும் நடுவில்தான். வலியில்லாதவை நம் இனங்களாகவே இருக்க வேண்டும், ஜமுனாபாரியின் இயல்பு முகம் மனதில் பதிய வேண்டும் அல்லவா. எல்லாரும் தனித்தனியே மதிப்பெண் போட்டபின் மொத்தத்தை ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுங்கள். இருவருக்கும் மொத்தம் 5 வந்திருக்கும். ஒருவர் அதைக் காதில் எடுத்திருப்பார், மற்றவர் நடையில் எடுத்திருப்பார். அது ஒத்துப்போனதாக ஆகாது. வேறுபட்ட துண்டுகளைத் திரும்ப ஓட்டி, எந்த வினாடியில் எதைப் பார்த்து அந்த எண் போட்டார் என்று சொல்லச் சொல்லுங்கள். இந்தப் பேச்சில்தான் பெரியவரின் முப்பது வருஷம் பயன்படும். அவர் சொல்வதை எழுத்தில் பிடித்து, தாளில் அந்தக் கட்டத்தின் விளக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே 30 துண்டையும் வரிசை மாற்றிப் போட்டு, தன்னோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறார் என்றும் பார்க்க வேண்டும்.

ஒத்துப்போதலை அளப்பதில் ஒரு பொறி. இருவர் 40 ஆட்டைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 34-இல் இருவரும் "வலி இல்லை", 2-இல் இருவரும் "வலி", மீதி 4-இல் ஆளுக்கு இரண்டு வீதம் மாறிச் சொல்கிறார்கள். 40-க்கு 36, அதாவது 90% ஒற்றுமை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவரும் பத்தில் ஒன்றுக்கு "வலி" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலே 82% ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்ப்பதுதான் கோஹனின் கப்பா எண். 0.90-இலிருந்து 0.82-ஐக் கழித்து, மீதி 0.08-ஐ 0.18-ஆல் வகுத்தால் 0.44. நடுத்தரம் என்றுதான் சொல்வார்கள், 0.61-க்கு மேல் போனால்தான் நல்லது. வலியுள்ள ஆடு குறைவாக உள்ள மந்தையில் சதவீதத்தைக் காட்டி "எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரி பார்க்கிறார்கள்" என்று அறிக்கை கொடுப்பது மிகச் சுலபம். ஒருவர் தாளை மட்டும் நம்பினால், மாறிச் சொன்ன அந்த நாலு ஆட்டில் இரண்டு சிகிச்சை இல்லாமல் நிற்கும்.

வேறுபாட்டிலும் இரண்டு ஜாதி உண்டு. 2, 3, 5, 7 என்று ஒருவர் போட, அதே விலங்குகளுக்கு 4, 5, 7, 9 என்று இன்னொருவர் போட்டால், இருவரும் சேர்ந்தே ஏறி இறங்குகிறார்கள். சாதாரண ஒட்டுறவுக் கணக்கு இதை முழுப் பொருத்தம் என்று சொல்லும். ஆனால் 4-க்கு மேல் மருந்து என்ற கோட்டில் முதல்வர் இரண்டு விலங்குக்கு மருந்து கொடுப்பார், இரண்டாமவர் மூன்றுக்கு. அனுபவசாலிகளுக்கும் புதியவர்களுக்கும் நடுவே பெரும்பாலும் தெரிவது இந்த வகை. பழகியவர் சீராகக் கீழே, புதியவர் சீராக மேலே. பல நாடுகளில் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, ஒரே சிகிச்சை முறைக்குப் பெண் மருத்துவர்கள் ஆண்களைவிடக் கூடுதல் வலி மதிப்பெண் கொடுத்ததும் இந்த மாதிரிச் சீரான நகர்வுதான். இதைத் திருத்துவது சுலபம், எவ்வளவு நகர்வு என்று தெரிந்தால் போதும். ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைய என்று தாறுமாறாகப் போகிறவரிடம்தான் வேலை இருக்கிறது. அந்தக் கட்டத்தின் விளக்கமே அவருக்குப் புரியவில்லை என்று அர்த்தம், உட்கார வைத்துத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எல்லாரும் ஒத்துப்போனாலும் எல்லாரும் சேர்ந்தே தவறாக இருக்கலாம். அதைச் சோதிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. மருத்துவர் வலிநிவாரணி கொடுத்தபின் மதிப்பெண் இறங்குகிறதா? இறங்கினால் நாம் அளந்தது வலியைத்தான். வலிநிவாரணிக்குப் பிறகும் அசையாமல் அதே எண்ணில் நின்றால், வெக்கையையோ பயத்தையோ அளந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மருந்து போதாமல் போனதாகவும் இருக்கலாம், அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது பார்ப்பது என்பதிலும் பழக்கம் ஏமாற்றும். கொம்பு கருக்குமுன் போடுகிற 2% லிக்னோகெயின் மரப்பு ஊசி ஒன்று இரண்டு மணி நேரம்தான் தாங்கும். வேலை முடிந்து ஒரு மணி நேரத்தில் கன்று துள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மருத்துவரும் போய்விடுவார், முதலாளியும் போய்விடுவார். மரப்பு விட்டபின், மூன்றாவது நாலாவது மணியில் அது தலையை உதறுவதையும் காதைச் சிலுப்புவதையும் பின்னங்காலால் தலையைச் சொறிய முயல்வதையும் பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை. "கொம்பு கருக்கினா ஒண்ணும் ஆவாது" என்ற நம்பிக்கை இப்படித்தான் வளர்ந்தது. வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பிறகு 1, 3, 6, 24 மணி நேரத்தில் என்று ஐந்து தடவை பார்த்தால் போதும். 3-ஐயும் 6-ஐயும் கொட்டகையிலேயே தங்கியிருக்கிற தொழிலாளியிடம் விடலாம். தாள் அவர் படிக்கிற மொழியில் இருக்கட்டும், அல்லது வெறும் படமாக இருக்கட்டும்.

சொந்த லாபம் என்ற ஒன்றையும் பேசாமல் விட முடியாது. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு வெளிப்படையாக நொண்டுகிற, நோய்ப்பட்ட, மெலிந்த விலங்கு ஆகாது. ஆகவே அந்த மாதத்தில் வாங்க வருகிறவர் கண் கூர்மையாகிவிடும், விற்கிறவர் கண் மங்கிவிடும். ஒரே கிடாய், ஒரே கால். பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே, விலை பேச ஆரம்பிக்காத நேரத்தில், விற்பனையில் பங்கில்லாத ஒருவர் எல்லா விலங்கையும் தரையில் இறக்கி நடக்கவிட்டு எண் போட்டுவிடுவது இருவருக்கும் நல்லது. குளம்பைச் சீவவும் புண்ணுக்கு மருந்து போடவும் அவகாசம் கிடைக்கும். வலிநிவாரணி கொடுத்தால் இறைச்சிக்கும் பாலுக்கும் எத்தனை நாள் விட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், புட்டியின் மேல் இருக்கும் கணக்கைப் பார்த்துத் தேதியைச் சுவரில் எழுதிவிடுங்கள்.

தேறிய ஆட்களின் கண்ணும் மெல்ல நகரும். நொண்டல் அதிகமுள்ள மந்தையில் ஆறு மாதம் மதிப்பெண் போட்டவருக்கு 3 என்பது 2 ஆகிவிடும், அவருக்கே தெரியாமல். ஆகவே முதலில் சேர்த்த 30 துண்டை அழிக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புதிய வீடியோக்களுக்கு நடுவே அதிலிருந்து ஐந்தை எண் மாற்றிச் சொருகிவிடுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். பழைய மதிப்பெண்ணுக்கும் புதியதற்கும் சராசரி வித்தியாசம் 10 மதிப்பெண்ணுக்கு 1-ஐத் தாண்டினால், அந்தச் சுற்றில் அவர் போட்ட எல்லாவற்றையும் இன்னொருவர் திரும்பப் பார்க்க வேண்டும்.